முதலில் லைன், கடைசியில் ரீல்: பெங்களூரில் ஃப்ளை ஃபிஷிங் தொடங்க என்ன வாங்குவது?

அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் மூங்கில் கழியும் தங்கூசி நரம்புமாகக் கெளுத்தி பிடித்தவர். நான் முதன்முதலில் ஃப்ளை ராடு வாங்கி வந்த அன்று எல்லாவற்றையும் அவர் வீட்டு வாசலில் பரப்பிக் காட்டினேன். ராடைக் கண்டுகொள்ளவில்லை, ரீலைத் தொடவில்லை. டப்பாவிலிருந்து ஒரு ஃப்ளையை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அது தாவிப் போய்ப் படியில் விழுந்தது. "தம்பி, இதுல ஈயம் எங்க? இது எப்படித் தூரம் போகும்?" என்றார்.

காசு கொடுப்பதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்காததால் முதல் வருடம் தப்பான சாமான்களோடு கழிந்தது.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையின் எடையோ முன்னால் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் அப்படி நடக்க வழியில்லை. ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் எடையை லைனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃப்ளை லைன் என்பது பின்னிய நூலின் மேல் பிளாஸ்டிக் பூசிய, பார்ப்பதற்கு மெல்லிய கேபிள் போன்ற, தடித்த கயிறு. நாம் வீசுவது அந்தக் கயிற்றை. முனையில் இருக்கும் பூச்சி சும்மா கூடப் போகிறது.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி: எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற லைன், லைனுக்கேற்ற ராடு, கடைசியில் ரீல். கடைக்குள் நுழைந்தால் கண் முதலில் ரீல் மேல்தான் போகும், பளபளவென்று இருக்கும். கண்ணை அடக்கிக்கொள்ளுங்கள்.

எந்த மீன், எந்தத் தண்ணீர்

பெங்களூரில் இருந்துகொண்டு ஃப்ளை வீச மூன்று வகையான தண்ணீர் உண்டு. முதலாவது, நகரத்தைச் சுற்றியுள்ள குளங்களும் காசு வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் பண்ணைகளும். இங்கே கிடைப்பது ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா, கட்லா, ரோகு, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். இரண்டாவது ஆறு: காவிரியும் குடகுப் பக்கத்து ஓடைகளும். இங்கே எல்லோரும் ஆசைப்படுவது மஹசீர் என்ற பெரிய ஆற்றுமீனுக்கு. மூன்றாவது மலை: நீலகிரியிலும் மூணாறிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் இன்றும் இருக்கிறது. கடலையும் சேர்த்தால் நான்கு, ஆனால் கடலை முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

என் யோசனை, முதல் வருடம் ஜிலேபிக்கு. கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஜிலேபி கரையோரத்தில் கூட்டமாக நிற்கும், சின்ன ஃப்ளையைக் கூசாமல் கடிக்கும், மோசமான வீச்சையும் மன்னிக்கும். ஒரு காலைப் பொழுதில் பத்து தடவை மீன் கடித்தால் பத்து தடவை பாடம். மஹசீரைத் தேடிப் போனால் மூன்று நாளுக்கு ஒரு பாடம்கூடக் கிடைக்காது.

அனுமதி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். கரையில் வேலி இல்லை என்பதற்காக யாரும் தூண்டில் போடலாம் என்று அர்த்தமில்லை. குத்தகைதாரரையோ மீன்வளத் துறையையோ கேட்டுவிட்டுப் போங்கள். காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய படங்களைப் பார்த்துவிட்டு பீமேஸ்வரி, காளிபோரே என்று கிளம்பிவிடாதீர்கள். காவிரியின் திமில் மஹசீர் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எங்கே அனுமதி கிடைத்தாலும் மஹசீரைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், நனைந்த கையால் பிடித்து, முள்ளை எடுத்துத் திருப்பி விடுவதுதான் முறை.

இன்னொன்று. காவிரியில் சிவனசமுத்திரத்துக்குக் கீழே இறங்குபவர்கள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிய நீர்மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. மேலே தண்ணீர் திறந்தால் கீழே பாறைகள் சத்தமில்லாமல் முழுகிவிடும்.

பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துகள்

லைன் பெட்டியில் "டபிள்யூஎஃப் 6 எஃப்" என்பது போல ஒரு குறியீடு இருக்கும். பார்த்தால் மிரட்டும். உள்ளே மூன்றே செய்திதான்.

நடுவில் உள்ள எண் எடை. லைனின் முதல் 30 அடியை மட்டும் எடைபோட்டு வைத்த எண் அது. அளவு கிரெயின் கணக்கில் இருக்கும். 5-ஆம் எண் லைனுக்கு 140 கிரெயின், 6-க்கு 160, 8-க்கு 210. நம் கணக்கில் சொன்னால், 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம், அதாவது ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேலே. 8-ஆம் எண் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சவரன். இந்தச் சவரனைத்தான் நீங்கள் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டப்போகிறீர்கள். எண் ஏற ஏறப் பெரிய ஃப்ளையைத் தூக்கும், காற்றை எதிர்க்கும், தண்ணீரில் விழும்போது சத்தமும் போடும்.

முன்னால் இருக்கும் எழுத்துகள் லைனின் உருவத்தைச் சொல்கின்றன. டபிள்யூஎஃப் என்றால் எடை முன்பக்கம் குவிந்திருக்கும், அதற்குப் பின்னால் மெல்லிய பகுதி நீளமாக வரும். டிடி என்றால் இரண்டு முனையும் ஒரே மாதிரி கூராகி நடு தடித்திருக்கும். டிடியில் ஒரு சிக்கனம் உண்டு: ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம், வேட்டியைத் திருப்பிக் கட்டுவது போல. ஆனாலும் புதியவர்களுக்கு டபிள்யூஎஃப்தான். கொஞ்சம் லைன் வெளியே வந்ததுமே ராடு வளைந்து கொடுக்கும், மீதி தானாக வழுக்கிப் போகும். எல் என்று மட்டும் போட்ட லைன் முழுக்க ஒரே தடிமன், விலை மலிவு, வீசக் கடினம். தொடாதீர்கள்.

கடைசி எழுத்து எஃப் என்றால் மிதக்கும், எஸ் என்றால் மூழ்கும். முதல் லைன் மிதப்பதாகவே இருக்கட்டும். மூழ்கும் லைனைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி மறுபடி வீசுவது பழகிய கைக்கே வேலை. மீன் ஆழத்தில் இருந்தால் பித்தளை மணி கோத்த ஃப்ளையைப் போட்டு, பத்து எண்ணும் வரை காத்திருந்தால் போதும்.

அப்புறம் எந்த எண்? தெற்கே நம் தண்ணீருக்கு ஒரே ஒரு செட் வாங்குவதாக இருந்தால் 6 என்பேன். ஜிலேபிக்கு அது கொஞ்சம் அதிகம், பெரிய விராலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஏரிக்கரையில் ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் காற்றில் 4-ஆம் எண் லைன் திரும்பி உங்கள் முகத்துக்கே வரும், 6 தாங்கும். நீலகிரி டிரவுட் மட்டும்தான் ஆசை என்றால் 5 அல்லது 4. கடலும் பெரிய மஹசீரும் என்றால் 8. அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரரிடம் கேட்க ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது வரும் லைன்கள் பல, அச்சிட்ட எண்ணைவிட அரை எண் கனமாகச் செய்யப்படுகின்றன. பெட்டியின் பின்பக்கம் கிரெயின் எடை போட்டிருக்கும். 6 என்று எழுதி 170, 175 கிரெயின் என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ராடு விறைப்பானதாக இருந்தால் அந்தக் கூடுதல் எடை கற்றுக்கொள்பவருக்கு உதவியாகவே இருக்கும், ராடு வளைவது கையில் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள், இளம்பச்சை எடுங்கள். காற்றில் லைன் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மீனுக்கும் லைனுக்கும் நடுவில் கண்ணாடி நரம்பு ஒன்பது அடி இருக்கிறது, அதனால் மீன் மிரளாது.

வெயில் லைன், குளிர் லைன்

முதல் வருடம் என்னைக் கவிழ்த்தது இது. வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் டிரவுட் ஓடையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அங்கே தண்ணீர் பனி உருகியது போல இருக்கும். அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க லைனின் மேல்பூச்சை மென்மையாகச் செய்கிறார்கள். அதே லைனை நம் ஏப்ரல் மதியத்தில் எடுத்தால் என்ன ஆகும்? இளகி, வெந்த சேமியா மாதிரி தொங்கும். ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வழுக்காது. ஆனேக்கல் பக்கம் ஒரு பண்ணைக் குளத்தில் நான் இரண்டு மணி நேரம் என் கையைத் திட்டிக்கொண்டு நின்றேன். தப்பு கையில் இல்லை. இணையத்தில் "எல்லா மீனுக்கும் ஏற்றது" என்று போட்டு விற்ற லைன், குளிர்நாட்டு லைன்.

வெப்பநாட்டு லைனில் உள் நூலும் விறைப்பானது, மேல்பூச்சும் கெட்டியானது. பெட்டியில் ட்ராபிக்கல், வார்ம் வாட்டர், பாஸ் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். இதற்கும் எதிர்ப்பக்கம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு டிசம்பர் காலையில் நீலகிரியின் அவலாஞ்சி பக்கம் போனால், ரீலில் இருந்த சுருள் சுருளாகவே ஸ்பிரிங் போல வெளியே வரும். இழுத்து நீட்டினாலும் மறுபடி சுருளும்.

பெங்களூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரிக் காலையில் ஸ்வெட்டர் போடுகிறோம், ஏப்ரலில் மின்விசிறி போதவில்லை என்கிறோம். முழு ட்ராபிக்கல் லைனைக் கடலுக்கு வைத்துக்கொள்ளலாம். குளத்துக்கும் ஆற்றுக்கும் வார்ம் வாட்டர் அல்லது பாஸ் வகை சரியாக இருக்கும். பாஸ் லைனில் இன்னொரு லாபம், முன்பக்கம் குட்டையாகவும் கனமாகவும் இருப்பதால் கற்றுக்கொள்பவர் கைக்குச் சீக்கிரம் அடங்கும். மலைக்கு அடிக்கடி போகத் தொடங்கினால் அப்போது ஒரு குளிர் லைனைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ராடு

9 அடி, நான்கு துண்டு, 6-ஆம் எண். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. நான்கு துண்டு ராடில் ஒவ்வொன்றும் சுமார் 69 சென்டிமீட்டர், குழாய்ப் பெட்டியோடு பஸ்ஸின் மேல் தட்டில் படுத்துக்கொள்ளும், ஆட்டோவிலும் குறுக்கே வராது. இரண்டு துண்டு ராடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் மெஜஸ்டிக் பஸ் நிலையக் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள்.

ராடின் வேகம் என்று ஒன்று சொல்வார்கள். ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், ஸ்லோ என்றால் கைப்பிடி வரை வளையும். மீடியம் ஃபாஸ்ட் கேளுங்கள். ஃபாஸ்ட் ராடு தூரம் போகும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான், ஆனால் அது வீசத் தெரிந்தவனுக்கு. கைக்கு நேரம் பிடிபடாத மாதங்களில் கொஞ்சம் தாமதமாக வளையும் ராடே நல்ல வாத்தியார்.

கடையில் நேரில் வாங்கினால் துண்டுகளைப் பொருத்தி, வளையங்களை வரிசையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பொருத்தும் இடத்தில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளவும். வாசலில் கூரியர்காரர் அந்தக் கணக்கைச் சொல்லும்போது முகம் மாறிவிடும்.

ராடு, ரீல், லைன் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் காம்போ செட் மோசமில்லை. ஆனால் அதில் ராடு சுமாராகவும் லைன் படுமோசமாகவும் இருப்பதுதான் வழக்கம். காம்போ வாங்கி, அதிலுள்ள லைனை மைதானத்தில் பழகத் தேய்த்துவிட்டு, தண்ணீருக்கு நல்ல லைன் தனியாக வாங்குவது என் கணக்குக்குச் சரியாக வந்தது.

ரீல்

ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் டப்பா. ஜிலேபியை நீங்கள் கையாலேயே இழுத்துவிடுவீர்கள். 5, 6 எண்களுக்குப் பொருந்துவது, பிரேக் சீராகப் பிடிப்பது, கீழே விழுந்தால் வளையாதது, அவ்வளவு போதும். எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்று முன்பே முடிவு செய்து அதற்கேற்ப மாற்றிவைக்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும்போதுதான் நல்ல பிரேக் உள்ள ரீல் காசுக்குப் பெறும்.

மொத்தப் பணத்தை நூறு ரூபாயாக வைத்தால் நான் பிரிப்பது இப்படி: ராடுக்கு 45, லைனுக்கு 30, ரீலுக்கு 15, மீதி 10 லீடர், டிப்பெட் (இவை என்னவென்று கீழே சொல்கிறேன்), ஃப்ளைகளுக்கு. கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

பேக்கிங், லீடர், டிப்பெட்

பேக்கிங் என்றால் சாமான் கட்டும் பேக்கிங் இல்லை, ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் நூல். ஃப்ளை லைன் 90 அடி அளவில்தான் இருக்கும். பெரிய மீன் அதையும் தாண்டி ஓடினால் பேக்கிங் தாங்கும். அதோடு ரீலின் அச்சைத் தடிப்பாக்கி, லைன் சின்னச் சுருளாகச் சுற்றாமல் காக்கும். 20 பவுண்டு டேக்ரான் நூல் போதும்.

லீடர் லைனின் முனையில் கட்டும் கண்ணாடி நரம்பு. லைன் பக்கம் தடித்தும் ஃப்ளை பக்கம் மெலிந்தும் இருக்கும். வீச்சின் வேகம் இந்தக் கூர்மை வழியாகத்தான் ஃப்ளை வரைக்கும் போய்ச் சேருகிறது. வெறும் தங்கூசியைக் கட்டினால் கடைசியில் எல்லாம் ஒரு குவியலாக விழும். 9 அடி லீடர் வழக்கமானது. முதல் மாதம் ஏழரை அடி வாங்கினால் சிக்கல் குறையும். நைலான் வருவதற்கு முன் இதைப் பட்டுப்புழுவின் உள்ளே இருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டித்தான் செய்தார்கள். லைனும் அப்போது பட்டுதான், மிதப்பதற்குக் கொழுப்பு தடவி, சாயங்காலம் காயப்போட வேண்டும். ராமநகரம் பட்டுக்கூடு சந்தையைத் தாண்டிக் காவிரிப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

லீடரின் மெல்லிய முனை, ஃப்ளை மாற்ற மாற்ற வெட்டுப்பட்டுக் குறைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்டச் சேர்க்கும் நரம்புச் சுருள்தான் டிப்பெட். அதன் அளவு 3 எக்ஸ், 4 எக்ஸ் என்று இருக்கும். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். 3 எக்ஸ் என்றால் 8 பங்கு, மில்லிமீட்டரில் சுமார் 0.20. எண் கூடினால் நரம்பு மெலியும், இதைத்தான் எல்லோரும் முதலில் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஜிலேபிக்கு 3 எக்ஸும் 4 எக்ஸும் ஒவ்வொரு சுருள், விராலுக்கு 0 எக்ஸ் ஒன்று. ஆரம்பத்துக்கு இது ஏராளம்.

ரீலில் ஏற்றும் வரிசை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். முதலில் பேக்கிங்கை ரீல் அச்சில் ஆர்பர் முடிச்சுப் போட்டுக் கட்டி, விரலால் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பிற்பாடு லைன் அதற்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். அடுத்து பேக்கிங்கின் மறுமுனையில் ஃப்ளை லைனின் பின்முனையைக் கட்ட வேண்டும். இப்போதைய லைன்களில் முனையிலேயே சின்னக் கண்ணி இருக்கும், அதில் கண்ணிக்குக் கண்ணி கோத்துவிடலாம். கண்ணி இல்லையென்றால் ஆல்பிரைட் முடிச்சு. லைன் முழுவதும் சுற்றியபின் முன்முனையில் லீடர், இதுவும் கண்ணிக்குக் கண்ணி. லீடரில் டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன் முடிச்சு. கடைசியில் ஃப்ளைக்கு கிளிஞ்ச் முடிச்சு. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், இல்லையென்றால் உரசலின் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

பின்முனை எது, முன்முனை எது? லைனிலேயே "இந்த முனை ரீலுக்கு" என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நான் அதை விலைச் சீட்டு என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். டபிள்யூஎஃப் லைனைத் தலைகீழாக ஏற்றி, எடையெல்லாம் ரீலுக்குள் புதைந்திருக்க, மெல்லிய வாலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மைதானத்தில் வீசினேன். பத்தடி தாண்டவில்லை. தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்ததுதான் மிச்சம்.

ஃப்ளைகள்

நூற்றுக்கணக்கில் பெயர்கள் உண்டு. மூன்று வகை போதும். கறுப்பு அல்லது பாசிப்பச்சை வூலி பக்கர், 8-ஆம் அளவு முள்ளில். இது அட்டையாகவும் தெரியும், குட்டி மீனாகவும் தெரியும். பித்தளைத் தலை வைத்த நிம்ஃப், அதாவது தண்ணீருக்குள் வாழும் பூச்சிக் குஞ்சு போன்றது, 12-ஆம் அளவு. ஜிலேபிக்கும் டிரவுட்டுக்கும் பொது. மேலே மிதந்து குமிழ் விடும் சின்ன பாப்பர் ஒன்று, விராலுக்கு. முள்ளின் எண்ணும் டிப்பெட் போலத்தான், எண் கூடினால் முள் சிறியது. ஒவ்வொன்றிலும் ஆறு வாங்குங்கள், முதல் இரண்டு வாரத்தில் பாதி கருவேல மரத்துக்குப் போய்விடும். முள்ளின் கொக்கிப் பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காது மடலுக்கும் நல்லது.

ஃப்ளை கட்டும் சேவல் இறகுகள் இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளுக்குப் போயிருக்கின்றன. நாமும் கட்டலாம், கறிக்கடையில் கேட்டால் இறகு சும்மாவே கிடைக்கும். ஆனால் காட்டுக்கோழியின் கழுத்து இறகு பழைய ஆங்கில ஃப்ளைகளில் பேர்போனது என்று எங்காவது பார்த்துவிட்டு அதைத் தேடாதீர்கள். அது சட்டத்தால் காக்கப்படும் பறவை.

சில்லறைச் சாமான்கள்

போலரைஸ்டு கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். தண்ணீருக்குள் பார்ப்பதற்கு மட்டுமில்லை, பின்னாலிருந்து வேகமாக வரும் முள்ளுக்கும் கண்ணுக்கும் நடுவில் அதுதான் இருக்கிறது. முள் எடுக்க ஃபோர்செப்ஸ் வேண்டும். மீன்பிடிச் சாமான் கடையைவிட மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் மலிவு. நரம்பு வெட்ட நகவெட்டி. குடகுப் பக்கம் மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. மார்பளவு ரப்பர் உடை, அழகான வலை, இருபது பை வைத்த ஜாக்கெட் எதுவும் நம் வெயிலுக்கு வேண்டாம்.

மைதானத்தில் ஒரு மாதம்

தண்ணீருக்குப் போகும் முன் புல்தரையில் பழகுங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம், லைனின் பூச்சு உரிந்துவிடும். ஃப்ளைக்குப் பதில் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ராடை நிமிர்த்த வேண்டும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், இதில் விளையாட்டே கூடாது. கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன் ஆறு மணிக்குப் போய்விடுங்கள். நான் ஏழு மணிக்குப் போய், "அங்கிள், காத்தாடி எங்க?" என்று நான்கு பேர் வானத்தைத் தேடினார்கள்.

30 அடி லைனை முன்னால் நீட்டிப் போடுங்கள், பத்துப் பன்னிரண்டு எட்டு வரும். ராடை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிப் பின்னால் கொண்டுபோய், காதுக்கு நேரே வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். பின்னால் போன லைன் முழுதாக நீண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாலும் தப்பில்லை. நீண்டதும் அதே மாதிரி முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். புதியவர்கள் தடுக்கிவிழும் இடம் அந்தக் காத்திருப்புதான். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி படார் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால், தண்ணீராக இருந்திருந்தால் ஒரு ஃப்ளை போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பலம் போடப் போட லைன் கிட்டத்திலேயே விழும்.

தினம் இருபது நிமிடம் போதும். அரைமணி தாண்டினால் கை தப்பாகப் பழகத் தொடங்கிவிடும். 30 அடியில் ஒரு ப்ளாஸ்டிக் தட்டை வைத்து, பத்துக்கு ஐந்து தடவை அதன் பக்கத்தில் விழ ஆரம்பித்ததும் குளத்துக்குக் கிளம்பலாம். அதற்கு மேல் தூரம் நம் குளங்களில் அநேகமாகத் தேவைப்படாது, ஜிலேபி உங்கள் காலடியிலிருந்து பதினைந்து அடியில்தான் நிற்கும்.

குளத்தில் மீன் கடித்ததும் ராடைத் தூக்கத் தோன்றும். ராடைத் தண்ணீரை நோக்கியே வைத்து, இடது கையால் லைனை ஒரு இழுப்பு இழுங்கள். தப்பினாலும் ஃப்ளை தண்ணீருக்குள்ளேயே இருக்கும், மீன் திரும்பி வந்து கடிக்கும். டிரவுட்டுக்கு மட்டும் ராடைத் தூக்கலாம்.

லைனைப் பார்த்துக்கொள்வது

லைனுக்கு எதிரி மூன்று: சூடு, அழுக்கு, கொசு விரட்டிக் க்ரீம். டீட் என்ற ரசாயனம் கலந்த க்ரீம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தடவிய கையால் லைனைத் தொட்டால் பூச்சு பிசுபிசுத்துவிடும். புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், அல்லது முழுக்கைச் சட்டை போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரீலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நான்கு தடவைக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் சோப்புக் கரைசல் வைத்து, மெல்லிய துணியால் உருவிவிட்டு நிழலில் காயவையுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் நம் ஏரிகளைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.

முன் முப்பது அடியில் வெடிப்பு தெரிந்தால், அல்லது கழுவிய பிறகும் முனை மூழ்கினால், லைன் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழையதை மைதானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். என்னுடைய அந்தக் குளிர்நாட்டு லைனை அல்சூர் பெரியவர் கேட்டு வாங்கிப்போய் மொட்டை மாடியில் கொடியாகக் கட்டியிருக்கிறார். வெயிலில் கொஞ்சம் தொய்கிறது, மற்றபடி துண்டும் லுங்கியும் தாங்குகிறதாம்.